அரசாணையின் கடைசிப் பத்தி: நடுவருடத்தில் மாநில பட்ஜெட் மாறுவதைப் புதியவர்கள் பின்தொடர ஒரு வழிகாட்டி

"பட்ஜெட்டுதான் மார்ச்சுலயே முடிஞ்சுபோச்சே, இப்ப ஜூன்ல அறிவிக்கிற திட்டத்துக்குக் காசு எங்கேருந்து சார் வரும்?"

மன்னார்குடிப் பக்கம் விவசாயிகள் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி டீக்கடையில் என்னிடம் கேட்டது இது. கையில் செல்போன், அதில் குறுவை நெல்லுக்கு விதை, இடுபொருள் மானியம் கொடுக்கும் குறுவைத் தொகுப்புத் திட்டச் செய்தி. நான் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவிலேயே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவன். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. 'அறிவிச்சாச்சு' என்றதும் பட்டாசு வெடிப்பவர்களும், 'எல்லாம் சும்மா' என்று உதறுபவர்களும்தான் அதிகம். இரண்டுக்கும் நடுவே காகிதத்தில் ஒரு பாதை இருக்கிறது. சங்கத்துக்காரர்கள், புதிதாக நிருபர் வேலைக்கு வந்தவர்கள், ஊராட்சியில் பொறுப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பாதையில் நடக்க இது உதவும்.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

தமிழ்நாடு அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. அந்த ஆண்டுக்கான பட்ஜெட்டை அதற்கு முந்தைய பிப்ரவரி, மார்ச்சிலேயே சட்டமன்றத்தில் வைத்துவிடுவார்கள். அப்போது நம் காவிரி டெல்டாப் பக்கத்தில் என்ன நடக்கும்? சம்பா, தாளடி நெல் அறுவடை முடியும் தறுவாயில் இருக்கும். வயலில் உளுந்தும் பயறும் கிடக்கும். பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 அன்று அங்கே எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2022இல் வழக்கத்துக்கு முன்னதாக மே 24ஆம் தேதியே மேட்டூர் அணையைத் திறந்தார்கள். 2024இல் ஜூன் 12 வந்து போனது. அணை திறந்தது ஜூலை 28இல். 2022 மாதிரி வருஷம் என்றால் தூர்வாரும் வேலையை அவசர அவசரமாக முடிக்க வேண்டும். 2024 மாதிரி வருஷம் என்றால் ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறவர்களுக்காவது விதை, இடுபொருள் மானியம் கொடுத்துக் குறுவையைக் காப்பாற்றப் பார்க்க வேண்டும். 2024 ஜூனில் அறிவித்த 78.67 கோடி ரூபாய் குறுவைத் தொகுப்பு அப்படி வந்ததுதான்.

நெல் விலையும் அப்படியே. குறைந்தபட்ச ஆதரவு விலையை ஒன்றிய அரசு முடிவு செய்வது பெரும்பாலும் மே, ஜூன் வாக்கில். அதன்மேல் மாநிலம் தன் பங்காக ஊக்கத்தொகை சேர்க்கும். 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்துக்குச் சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு ஆதரவு விலை 2,369 ரூபாய், மாநிலம் போட்டது 131 ரூபாய், ஆக 2,500. சன்ன ரகத்துக்கு 2,389உம் 156உம் சேர்ந்து 2,545. இந்த 131உம் 156உம் எத்தனை லட்சம் டன்னுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை மார்ச்சில் உட்கார்ந்து யாரும் சரியாகக் கணக்குப் போட முடியாது. அதற்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழையும் புயலும். டெல்டாவுக்கு அரசு செலவழிக்க வேண்டிய பெரிய தருணங்களில் பாதிக்கு மேல் பட்ஜெட் நிறைவேறிய பிறகு வருகிறவை. நடுவருடத் திருத்தங்கள் மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு ஏன் முக்கியம் என்றால் இதனால்தான்.

வயலும் வரப்பும்

பட்ஜெட் என்று டி.வி.யில் வாசிப்பது உரை. உண்மையான பட்ஜெட், செலவுக்குப் பணம் கேட்டுச் சட்டமன்றத்தில் வைக்கும் மானியக் கோரிக்கைப் புத்தகங்களில் இருக்கிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண். வேளாண்மை - உழவர் நலத்துறைக்கு 5. உணவு, நுகர்வோர் பாதுகாப்புக்கு 13. நீர்வளத் துறைக்கு 40. இயற்கைச் சீற்றத் துயர்தணிப்புக்குத் தனியாக 51. டெல்டாக்காரர் இந்த நாலு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

ஒவ்வொரு கோரிக்கைக்குள்ளும் கணக்குத் தலைப்புகள். 2245 என்று தொடங்கினால் இயற்கைச் சீற்ற நிவாரணம். 2401 பயிர்ச் சாகுபடி. 2711 வெள்ளக் கட்டுப்பாடும் வடிகாலும். இந்த நாலிலக்கத் தலைப்புகள் இந்தியா முழுக்க ஒன்றே. அதற்குக் கீழே வரும் உட்தலைப்புகள்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

சட்டமன்றம் வாக்களித்துக் கொடுப்பது ஒவ்வொரு கோரிக்கைக்கும் இவ்வளவு என்று. இதை வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலுக்குள் மேட்டுப் பக்கம் தண்ணீர் கூடிவிட்டால் பள்ளத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள். வரப்பை வெட்டி அடுத்த வயலுக்கு விட்டால் பஞ்சாயத்து. அரசியலமைப்பின் 204ஆவது பிரிவு சொல்வதும் இதைத்தான்: நிதி ஒதுக்கச் சட்டம் அனுமதித்ததற்கு மேல் மாநிலத்தின் வரவெல்லாம் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது.

பணம் இடம் மாறும் வழிகள்

முதல் வழி மறு ஒதுக்கீடு. ஒரே கோரிக்கைக்குள் ஒரு தலைப்பில் மிஞ்சியதை இன்னொரு தலைப்புக்கு மாற்றுவது. நிதித்துறை ஒப்புக்கொண்டால் போதும், சட்டமன்றம் போக வேண்டாம். ஆனால் கட்டுப்பாடுகள் உண்டு. ஒரு கோரிக்கையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக்கூடாது. சம்பளம், மானியம் போன்ற வருவாய்ச் செலவிலிருந்து அணை, மதகு கட்டும் மூலதனச் செலவுக்குப் போகக்கூடாது, திரும்பியும் வரக்கூடாது. கடன் வட்டி, உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் மாதிரி வாக்கெடுப்புக்கு விடத் தேவையில்லாத செலவுகளோடு மற்றதைக் கலக்கக்கூடாது. சட்டமன்றம் கேள்வியே படாத புது வேலைக்கு மறு ஒதுக்கீட்டில் பணம் எடுக்கக்கூடாது. மார்ச் 31 தாண்டிவிட்டால் எதுவுமே செய்யக்கூடாது.

இரண்டாவது எதிர்பாராச் செலவு நிதி. 267ஆவது பிரிவின் கீழ் ஆளுநர் பொறுப்பில் இருக்கும் சுழல் நிதி. நம் மாநிலத்தில் இதற்கு 1954ஆம் ஆண்டுச் சட்டமும் 1963ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. சட்டமன்றம் கூடாத நேரத்தில் அவசரம் வந்தால் இதிலிருந்து முன்பணம் எடுப்பார்கள். பெயரே முன்பணம். அடுத்து சட்டமன்றம் கூடும்போது ஒப்புதல் வாங்கி நிதிக்குத் திருப்பிக் கட்டிவிட வேண்டும்.

மூன்றாவது துணை மதிப்பீடு. 205ஆவது பிரிவு. ஒதுக்கியது போதவில்லை, அல்லது பட்ஜெட்டில் இல்லாத புது வேலை வந்துவிட்டது என்றால் அரசு மறுபடி சட்டமன்றத்துக்குப் போய்க் கேட்பது. வருஷத்தில் பெரும்பாலும் இரண்டு முறை நடக்கிறது: நடுவில் ஒன்று, மார்ச்சில் இறுதி ஒன்று.

நான்காவதாகச் சொல்ல வேண்டியது திருத்த மதிப்பீடு. புதியவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இது. துணை மதிப்பீட்டையும் திருத்த மதிப்பீட்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள். பத்திரிகையிலேயே மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறேன். துணை மதிப்பீடு என்றால் செலவழிக்க அனுமதி கேட்பது. திருத்த மதிப்பீடு வெறும் கணிப்பு: "ஆண்டுத் தொடக்கத்தில் இவ்வளவு என்று போட்டோம், இதுவரை போன போக்கைப் பார்த்தால் மார்ச் முடிவில் இவ்வளவில் நிற்கும்" என்று ஒவ்வொரு துறையும் எழுதிக் கொடுப்பது. அலுவலகத்தில் நாங்கள் செய்த வேலை இது. ஆண்டின் பிற்பாதியில், வெளியே மழை கொட்டும்போது, உள்ளே மின்விசிறிக் காற்றில் பறக்காமல் காகிதங்களின் மேல் பேப்பர் வெயிட் வைத்துக்கொண்டு செய்வோம். இப்போது 'களஞ்சியம்' மென்பொருள் வந்துவிட்டது, பேப்பர் வெயிட்டுக்கு வேலை இல்லை.

திருத்த மதிப்பீட்டில் ஒரு தலைப்பின் தொகை ஏறியிருக்கிறது என்பதாலேயே அந்தப் பணத்தைச் செலவழித்துவிட முடியாது. பின்னால் மறு ஒதுக்கீடோ துணை மதிப்பீடோ இருந்தாக வேண்டும். இறங்கியிருந்தால் மட்டும் உஷாராகிவிடுங்கள். ஒதுக்கியதை முழுதாகச் செலவழிக்கப் போவதில்லை என்று துறையே ஒப்புக்கொண்டுவிட்டது என்று அர்த்தம்.

தேர்தல் வருஷத்தில் மட்டும் இந்த ஒழுங்கு கலையும். பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட் போட்டு, சில மாதச் செலவுக்கு 206ஆவது பிரிவின்படி முன்கூட்டி அனுமதி வாங்கிவிட்டுத் தேர்தலுக்குப் போவார்கள். வென்றவர்கள் வந்து முழுதாகத் திருத்திய பட்ஜெட் போடுவார்கள். 2016இல் பிப்ரவரியில் இடைக்காலம், ஜூலையில் திருத்தியது. 2021இல் பிப்ரவரி 23இல் ஓ. பன்னீர்செல்வம் இடைக்கால பட்ஜெட் வைத்தார். ஆட்சி மாறி, ஆகஸ்ட் 13இல் பழனிவேல் தியாகராஜன் திருத்திய பட்ஜெட்டை வைத்தார். பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது அதில்தான். மறுநாள் ஆகஸ்ட் 14இல் மாநிலத்தின் முதல் தனி வேளாண் பட்ஜெட் வந்தது. நிதியாண்டு தொடங்கி நாலரை மாசம் கழித்து, டெல்டாவில் குறுவை கதிர் முற்றும் நேரத்தில்.

அறிவிப்பைக் கேட்டதும் செய்ய வேண்டியது

முதலமைச்சர் அறிவித்தார், அமைச்சர் அறிவித்தார் என்று செய்தி வந்ததும் அரசாணைக்குக் காத்திருங்கள். அறிவிப்புக்கும் அரசாணைக்கும் நடுவே ஒரு வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். அரசாணைகள் மாநில அரசின் இணையதளத்தில் துறைவாரியாகக் கிடைக்கின்றன. கிடைக்காவிட்டால் மாவட்டத்தில் வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்திலோ, நீர்வளத் துறைக் கோட்ட அலுவலகத்திலோ நகல் இருக்கும்.

நகல் கையில் வந்ததும் எல்லோரும் முதல் பக்கத்தைப் படிக்கிறார்கள். "படிக்கப்பட்டவை" என்று ஒரு பட்டியல், "ஆணை" என்று ஒரு தலைப்பு, பிறகு அறிவிப்பை அப்படியே எடுத்துப் போட்ட ஒரு நீளப் பத்தி. அதையெல்லாம் விடுங்கள். நேராகக் கடைசிக்குப் போங்கள், கையெழுத்துக்கு மேலே இருக்கும் மூன்று நான்கு பத்திகளுக்கு. டீக்கடையில் அந்தத் தம்பிக்கும் இதைத்தான் காட்டினேன். பழைய அரசாணை ஒன்றின் நகலை மேஜையில் விரித்து, ஈரக் கிளாஸை நகர்த்தி வைத்துவிட்டு, பேனாவால் வரி வரியாகக் கோடு போட்டோம்.

அங்கே வரும் வாசகங்கள் பெரும்பாலும் மூன்று வகை.

முதல் வகையில், செலவு இன்ன கணக்குத் தலைப்பின் கீழ் பற்று வைக்கப்படும் என்று எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்தியிருப்பார்கள். பட்ஜெட்டில் ஏற்கெனவே பணம் இருக்கிறது என்று பொருள். கவலை வேண்டாம். அந்த எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகையில், தேவையான கூடுதல் நிதி திருத்த மதிப்பீட்டிலோ இறுதித் திருத்த ஒதுக்கத்திலோ (வருஷக் கடைசியில் ஒதுக்கத்தைச் சரிசெய்வது) வழங்கப்படும், அதுவரை தொகையைப் பெற்று வழங்க இயக்குநருக்கு அனுமதி அளிக்கப்படுகிறது என்று இருக்கும். பணம் ஒதுக்கியதைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது, நிதித்துறை சம்மதித்துவிட்டது, கணக்கைப் பின்னால் சரிசெய்வார்கள். கூடவே ஒரு வரி வரும்: இச்செலவைத் திருத்த மதிப்பீட்டுக் கருத்துருவில் தவறாமல் சேர்த்து அனுப்புமாறு துறைத் தலைவர் கேட்டுக்கொள்ளப்படுகிறார் என்று. 'தவறாமல்' என்று போடுவதற்குக் காரணம், தவறுகிறவர்கள் இருப்பதுதான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது வகைதான் ருசியானது. இச்செலவினம் 'புதுப்பணி' அல்லது 'புது துணைப்பணி' எனக் கருதப்படும், சட்டமன்றத்தின் ஒப்புதல் துணை மதிப்பீட்டில் சேர்ப்பதன் மூலம் பெறப்படும், அதுவரை எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து முன்பணம் பெற்றுச் செலவிடலாம், அதற்கு 'அ' படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இப்படி எழுதியிருந்தால், மார்ச்சில் பட்ஜெட் வாசித்தபோது இந்த வேலை மனசில் இல்லை, நடுவில் முளைத்தது என்று தெரிந்துகொள்ளலாம். தவறு என்று சொல்லவில்லை. வெள்ளம் வந்தபின் போடும் கரைச் செலவு வேறு எப்படி வரும்? ஆனால் இந்த வகை அரசாணையை அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடர் வரை விடாமல் பின்தொடர வேண்டும். துணை மதிப்பீட்டுப் புத்தகத்தில் அது ஏறியதா என்று பார்க்கும்வரை உங்கள் வேலை முடியவில்லை.

இந்தப் பத்திகளுக்குக் கீழே, நிதித்துறையின் ஒப்புதலுடன் இவ்வாணை வெளியிடப்படுகிறது என்று குறிப்பு எண்ணும் நாளும் இருக்கும். கூடுதல் செலவுள்ள ஆணையில் அந்த வரியே இல்லையென்றால் கருவூலத்தில் பில் நகராது. சங்கத்துக்காரர்கள் இதை ஒருமுறை கவனித்துச் சொன்னபோது அதிகாரி ஒருவர் ஆச்சரியப்பட்டுப் போனார். "நீங்க ஆபீஸ்ல வேலை பார்த்தவரா?" என்றாராம்.

சட்டமன்றத்தில் துணை மதிப்பீடு வரும் நாள்

நிதியமைச்சர் எழுந்து சிறு உரை வாசிப்பார். மொத்தம் இத்தனை கோடி, முக்கியமான இனங்கள் இவை என்று. புதுப்பணிகளுக்கும் புது துணைப்பணிகளுக்கும் ஒப்புதல் பெறுவது, எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து எடுத்த முன்பணத்தை ஈடுசெய்வது, கூடுதல் ஒதுக்கம் கேட்பது என்று நோக்கத்தையும் அதிலேயே சொல்லிவிடுவார். 2024 டிசம்பர் 9 அன்று தங்கம் தென்னரசு வைத்த துணை மதிப்பீடு சுமார் 3,531 கோடி ரூபாய்க்கு. வாக்கெடுப்பு, நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு, ஆளுநர் ஒப்புதல் என்று அடுத்தடுத்து நகரும். பிரதான பட்ஜெட்டுக்கு நடக்கிற மாதிரி துறைவாரி விவாதம் நாள்கணக்கில் நடக்காது. என் அபிப்பிராயம், இங்கேதான் எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி என்று இரு பக்கமும் கோட்டை விடுகிறார்கள். ஆயிரக்கணக்கான கோடி சத்தமில்லாமல் போகிறது.

புத்தகத்தைத் திறந்தால் முதலில் கோரிக்கை எண்ணைத் தேடுங்கள்: 5, 13, 40, 51. அதில் ஒவ்வோர் இனத்துக்கும் குறிப்புரை இருக்கும். அரசாணை எண்ணும் தேதியும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். நீங்கள் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

ஓரிடத்தில் வெறும் ஆயிரம் ரூபாய் கேட்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அச்சுப் பிழையும் இல்லை. அடையாளத் தொகை அது. இப்படிப் பாருங்கள் (தொகைகள் விளக்கத்துக்காக நான் போட்டவை). புதிதாக ஒரு நீரொழுங்கி கட்ட 4 கோடி வேண்டும். அதே கோரிக்கையின் மூலதனப் பகுதியில் இன்னொரு வேலை நின்றுபோய் 4 கோடிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. பணத்துக்குக் குறை இல்லை, மறு ஒதுக்கீடு செய்துவிடலாம். ஆனால் வேலை புதிது, சட்டமன்றத்துக்குத் தெரிந்தாக வேண்டும். ஆகவே ஆயிரம் ரூபாய் மட்டும் கேட்டு விஷயத்தைச் சபையின் பார்வைக்குக் கொண்டுவருகிறார்கள். மிச்சம் பிடித்தது எந்த வேலையில் என்பதைக் குறிப்புரையில் தேடுங்கள். சில சமயம் உங்கள் ஊர் வடிகால் வேலை நின்ற சேதி அங்கேதான் கிடைக்கும்.

புயலும் மழையும் வந்தால்

நிவாரணத்துக்குத் தனி வாய்க்கால் இருக்கிறது: மாநில பேரிடர் நிவாரண நிதி. நம் மாநிலத்துக்கு ஒன்றியம் 75 பங்கு, மாநிலம் 25 பங்கு. எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு ஒன்றிய அரசின் விதிமுறை உண்டு. 2022-26 காலத்துக்கு, 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமான பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500.

எக்டேர் கணக்கு நம் ஆட்களுக்குப் பிடிபடாது. மா கணக்குதான் சரி. மூன்று மா ஓர் ஏக்கர், எக்டேர் ஏறத்தாழ ஏழரை மா. 17,000 என்பது மாவுக்குச் சுமார் 2,300 ரூபாய்.

2023 பிப்ரவரித் தொடக்கத்தில் அறுவடை நேரத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் சம்பா சாய்ந்தது. முதலமைச்சர் எக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார். விதிமுறை 17,000. மேலே இருக்கும் 3,000 மாநிலத்தின் சொந்தப் பை. நிதியாண்டு முடிய இரண்டு மாதம்கூட இல்லாதபோது வந்த செலவு, ஆகவே வருஷக் கடைசித் திருத்தத்தில் இடம் கண்டுபிடிக்க வேண்டும். அதே வருஷம் அக்டோபரில், காவிரித் தண்ணீர் வராமல் குறுவை காய்ந்தபோது எக்டேருக்கு 13,500 என்று அறிவிப்பு வந்தது. அது நிதியாண்டின் நடுவில். இரண்டும் நிவாரணம்தான், கணக்கில் ஏறும் வேளை வேறு, ஆகவே தேட வேண்டிய புத்தகமும் வேறு. பிப்ரவரிச் செலவை இறுதித் துணை மதிப்பீட்டில் தேட வேண்டும், அக்டோபர்ச் செலவை முதல் துணை மதிப்பீட்டிலிருந்தே தேடத் தொடங்க வேண்டும்.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா அடித்துப் போட்டதை யாரும் மறக்கவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் தலைகீழாகக் கிடந்தன. முதல் கட்டமாக 1,000 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது. விழுந்த தென்னைக்கு 600, அதை வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக மரத்துக்கு 1,100 ரூபாய். அந்த வருஷ பட்ஜெட் மார்ச்சில் வந்தபோது இதில் ஒரு காசுகூட அந்த அளவில் யோசித்திருக்க முடியாது. மரத்தை எண்ணுகிறவர் கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலை, வேளாண் உதவி அலுவலர்களும். அவர்கள் எண்ணிக் கொடுத்த பட்டியல் வட்டத்தில் சேர்ந்து, மாவட்டத்தில் சேர்ந்து, சென்னைக்குப் போய் ஒரு தொகையாகி, கூடுதல் ஒதுக்கமாகத் திரும்பி வரும். எனவே பட்ஜெட் திருத்தம் உங்கள் வயல் வரப்பில் தொடங்குகிறது என்பது வெறும் பேச்சுக்காகச் சொல்வதில்லை. கணக்கெடுப்புப் பட்டியலில் உங்கள் சர்வே எண் விடுபட்டால் சென்னையில் எந்த மதிப்பீட்டிலும் நீங்கள் இல்லை. அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேடு) சாகுபடி பதிவாகியிருக்கிறதா என்று பருவத் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் மாதம்

செலவழியாத பணத்தைத் துறைகள் மார்ச் 31க்குள் நிதித்துறைக்கு ஒப்படைக்க வேண்டும். அலுவலகத்தில் 'சரண்டர்' என்போம். ஒப்படைக்காமல் விட்டால் தானே காலாவதி. ஏப்ரல் 1 காலையில் பழைய ஒதுக்கத்துக்கு உயிர் இல்லை.

சொல்கிறேன் என்றேனே, அந்தக் கதை. எந்த அலுவலகம், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். வாய்க்கால் வேலை ஒன்று நல்லபடியாக முடிந்தது. செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில் ஏற்றியாகிவிட்டது. கூடுதல் நிதி திருத்த மதிப்பீட்டில் வழங்கப்படும் என்று அரசாணையில் தெளிவாக இருந்தது. கருத்துரு தயாரித்த பிரிவில் அந்த ஒரு வரியைச் சேர்க்க மறந்துவிட்டோம். 'விட்டோம்' என்றுதான் சொல்ல வேண்டும், நானும் அந்தப் பிரிவில் இருந்தேன். மார்ச் கடைசி வாரம் கருவூலத்துக்குப் பில் போனது, ஒதுக்கம் போதவில்லை என்று திரும்பி வந்தது. ஒப்பந்தக்காரர் சின்ன ஆள். டிராக்டருக்கு டீசல் போட்ட கடன், ஆள் கூலிக் கடன். தினமும் காலையில் வந்து எங்கள் அறை வாசலில் நிற்பார், ஒன்றும் பேச மாட்டார். அடுத்த வருஷ ஒதுக்கத்தில் சரிக்கட்டி அவருக்குப் பணம் போனது செப்டம்பரில். வட்டியெல்லாம் யார் கொடுப்பார்கள்?

அதனால் சங்கத்துக்காரர்களுக்கு நான் சொல்வது: ஜனவரி மாத விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு கேள்வியைக் கட்டாயம் வையுங்கள். "இன்ன அரசாணைப்படியான செலவு திருத்த மதிப்பீட்டுக் கருத்துருவில் சேர்க்கப்பட்டதா?" இதை மேடையில் கேட்டால் யாராவது ஓர் எழுத்தர் அன்று மாலையே கோப்பைப் புரட்டிப் பார்ப்பார்.

பிறகு எங்கே சரிபார்ப்பது

அடுத்த ஆண்டுப் பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் பக்கத்தில் நாலு நெடுவரிசை இருக்கும். 2025-26 புத்தகம் என்றால், 2023-24இன் உண்மைக் கணக்கு, 2024-25க்கு முதலில் போட்டது, அதன் திருத்த மதிப்பீடு, 2025-26க்குக் கேட்பது. நடுவிலிருக்கும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வருஷம் எப்படித் திரும்பியது என்று தெரியும். ஆனால் 2024-25இன் உண்மைச் செலவு தெரிய 2026-27 புத்தகம் வரை பொறுக்க வேண்டும். பட்ஜெட் கவரேஜ் செய்யும் நிருபர்கள் பலர் அறிவித்ததையும் அடுத்த அறிவிப்பையும் மட்டும் ஒப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இதைவிடக் கறாரானது தணிக்கைத் துறையின் ஒதுக்கக் கணக்குகள். சட்டமன்றம் கொடுத்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, மிச்சம், மிகை என்று கோரிக்கைவாரியாக இருக்கும். துணை மதிப்பீட்டில் கூடுதலாகக் கேட்டு வாங்கிவிட்டு, முதலில் கொடுத்ததையே செலவழிக்காத கூத்தையெல்லாம் தணிக்கை அறிக்கைகள் எடுத்துக் காட்டுவதுண்டு. அனுமதிக்கு மேல் செலவழித்திருந்தால் அதைப் பொதுக் கணக்குக் குழு பார்த்து, சட்டமன்றம் 205ஆவது பிரிவின்படி முறைப்படுத்த வேண்டும். அது வருஷக்கணக்கில் இழுக்கும்.

காரைக்கால் பக்கம் நிலம் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. அங்கேயும் துணை மதிப்பீடு, திருத்த மதிப்பீடு எல்லாம் உண்டு. ஆனால் 1963ஆம் ஆண்டு ஒன்றியப் பகுதி அரசுச் சட்டத்தின்படி நடக்கிறது, பட்ஜெட்டுக்கு டெல்லியின் முன் ஒப்புதல் வேண்டும். வாய்க்கால் ஒன்றேயானாலும் திருவாரூர்ப் பக்கத்து அரசாணையை வைத்துக்கொண்டு அங்கே நியாயம் கேட்க முடியாது.

கேள்வியாகக் கேட்க

எல்லாக் காகிதமும் இணையத்தில் கிடைக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுக் கொடுங்கள், முப்பது நாளில் பதில் வர வேண்டும். 'தூர்வாரியதற்கு எவ்வளவு செலவு' என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் பொத்தாம் பொதுவாகவே பதில் வரும். அந்தத் தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது இது:

"அரசாணை எண் — , நாள் — இன்படி எங்கள் வட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, எந்தக் கணக்குத் தலைப்பில்? அத்தொகை பட்ஜெட் ஒதுக்கமா, மறு ஒதுக்கீடா, எதிர்பாராச் செலவு நிதி முன்பணமா? திருத்த மதிப்பீட்டுக் கருத்துருவில் எந்தத் தேதியில், எவ்வளவு தொகை சேர்க்கப்பட்டது? மார்ச் 31 வரை செலவானது எவ்வளவு, ஒப்படைத்தது எவ்வளவு? ஒப்படைத்திருந்தால் அதற்குரிய கடித நகல்."

மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். ஐந்தாவது கேள்விக்கு மட்டும் பதில் தராமல் விடுவார்கள், அதற்கு மேல்முறையீடு போட ரசீது வேண்டும்.